'மின்கசிவு' என்று எழுதிக் கணக்கை மூடிவிடலாமா?

கடைவீதியில் எங்கே தீப்பிடித்தாலும் மறுநாள் நாளிதழில் கடைசி வரியாக ஒரு வாக்கியம் வந்துவிடுகிறது: "மின்கசிவே விபத்துக்குக் காரணம் எனத் தெரிகிறது." அதைப் படித்துவிட்டு நாமும் "ஐயோ பாவம், நல்ல மனிதர்" என்று இரண்டு வார்த்தை சொல்லிவிட்டு அவரவர் கல்லாவுக்குத் திரும்பிவிடுகிறோம். என்ன கசிந்தது, எங்கே கசிந்தது, ஏன் கசிந்தது என்று யாரும் கேட்பதில்லை.

வணிகர்கள் இவ்வளவு எளிதில் ஒரு கணக்கை மூடுகிறவர்கள் அல்லர். குமாஸ்தா பேரேட்டில் 'இதரச் செலவு' என்று ஒரு பெரிய தொகையைப் பற்று எழுதினால், "என்ன செலவு? யாருக்குக் கொடுத்தது? ரசீது எங்கே?" என்று கேட்காமல் விடுவோமா? ஆனால் பல லட்சம் ரூபாய்ச் சரக்கைச் சாம்பலாக்கிய ஒரு நிகழ்ச்சியை மட்டும் ஒரே சொல்லில் எழுதி முடித்துவிடுகிறோம்.

இது சரியல்ல என்பதே நமது கருத்து. 'மின்கசிவு' என்ற அந்த ஒரு சொல்லுக்குள் நான்கு வெவ்வேறு குறைகள் அடைபட்டுக் கிடக்கின்றன. நான்குக்கும் காரணம் வேறு, காவலும் வேறு. அவற்றைப் பிரித்து அறிவதற்குப் பொறியியல் படிப்பு தேவையில்லை. ஒரு பெருக்கலும் ஒரு வகுத்தலும் தெரிந்தால் போதும். அந்தக் கணக்கை ஒவ்வொரு கடைக்காரரும் ஒவ்வொரு மொத்த வியாபாரியும் கற்றுக்கொண்டே ஆக வேண்டும் என்று வலியுறுத்தவே இதை எழுதுகிறோம்.

விலை, அளவு, தொகை

நாம் அன்றாடம் போடும் பில்லில் மூன்று கட்டங்கள் உண்டு: விலை, அளவு, தொகை. கிலோ 230 ரூபாய் விலையுள்ள சரக்கில் 4 கிலோ நிறுத்துக் கொடுத்தால் தொகை 920 ரூபாய். மின்சாரத்திலும் இதே மூன்று கட்டங்கள்தாம்.

வோல்ட் என்பது விலைக் கட்டம். நம் ஊர்களில் ஒற்றை ஃபேஸ் இணைப்பில் அது 230. ஆம்பியர் என்பது அளவுக் கட்டம். கம்பி வழியே எவ்வளவு மின்னோட்டம் போகிறது என்பதை அது சொல்கிறது. இரண்டையும் பெருக்கினால் கிடைப்பது வாட், அதாவது தொகைக் கட்டம். 230 வோல்ட்டில் 4 ஆம்பியர் ஓடினால் 920 வாட். அவ்வளவுதான். 1,000 வாட் ஒரு மணி நேரம் ஓடினால் ஒரு யூனிட். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை நாம் பணம் கட்டுவது இந்த யூனிட்டுக்கு.

இனி வகுத்தல். வோல்ட்டை ஆம்பியரால் வகுத்தால் கிடைப்பது மின்தடை. மின்னோட்டத்துக்கு அந்தப் பொருள் எவ்வளவு தடை செய்கிறது என்பதன் அளவு அது. இந்த விதியை 1827-இல் நூலாக வெளியிட்ட ஜார்ஜ் சைமன் ஓம் ஜெர்மனியில் பள்ளி ஆசிரியராக இருந்தவர். முதலில் அதைப் பொருட்படுத்தியவர்கள் குறைவு. 1841-இல்தான் லண்டன் ராயல் சொசைட்டி அவருக்குக் காப்ளி பதக்கம் கொடுத்துப் பெருமைப்படுத்தியது. அவர் பெயராலேயே மின்தடையின் அலகு 'ஓம்' என்று வழங்குகிறது.

ஓர் உதாரணம் பார்ப்போம். ஒரு தேநீர்க் கடையில் தண்ணீர் சூடாக்கும் ஹீட்டர் ஓடுகிறது. மீட்டர் வைத்துப் பார்த்தால் 220 வோல்ட், 8 ஆம்பியர். பெருக்கினால் 1,760 வாட். வகுத்தால் 27.5 ஓம். நாளொன்றுக்கு 5 மணி நேரம் ஓடினால் 8.8 யூனிட்; முப்பது நாளைக்கு 264 யூனிட். மின்கட்டணம் ஏன் இவ்வளவு வருகிறது என்று திகைக்கும் கடைக்காரருக்கு விடை இந்த நான்கு வரியில் இருக்கிறது.

மீட்டர் இல்லாவிட்டாலும் கவலை இல்லை. பொருளின் அடியில் ஒட்டியிருக்கும் தகட்டில் வாட் போட்டிருக்கும். அதை 230-ஆல் வகுத்தால் ஆம்பியர் வந்துவிடும். 1,000 வாட் இஸ்திரிப் பெட்டி ஏறத்தாழ 4.35 ஆம்பியர் இழுக்கும். அதன் மின்தடை சுமார் 53 ஓம். மின்சாதனம் விற்கும் நமது உறுப்பினர்களுக்கு இது தனிப் பயன் தரும். '1,500 வாட்' என்று அச்சிட்ட கெட்டிலை மல்ட்டிமீட்டரில் வைத்தால் 35 ஓம் அளவில் காட்ட வேண்டும். 53 காட்டினால் உள்ளே இருப்பது 1,000 வாட் சரக்கு. எடைக்கல்லைச் சோதிப்பது போலவே இதுவும் ஒரு சோதனை.

முதற்குறை: தாங்காத சுமை

சுவரில் இருக்கும் சிறிய பிளக் 6 ஆம்பியருக்கு ஆனது. இதைத்தான் பழைய பழக்கத்தில் 'அஞ்சு ஆம்ஸ் பிளக்' என்கிறோம். 230-ஐ 6-ஆல் பெருக்கினால் 1,380 வாட். அதற்கு மேல் அந்த பிளக்கில் இழுக்கக் கூடாது.

ஆனால் நடப்பது என்ன? ஒரு ஜெராக்ஸ் கடையை எடுத்துக்கொள்வோம். ஒரே பிளக்கில் ஓர் எக்ஸ்டென்ஷன் பாக்ஸ். அதில் 1,400 வாட் ஜெராக்ஸ் மெஷின், 500 வாட் லேமினேஷன் மெஷின், 200 வாட் கம்ப்யூட்டர். மொத்தம் 2,100 வாட். 230-ஆல் வகுத்தால் 9 ஆம்பியருக்கு மேல். 6 ஆம்பியர் பிளக்கில் 9 ஆம்பியர்! பாக்ஸில் இன்னும் ஓர் ஓட்டை காலியாக இருக்கிறதே என்று செல்போன் சார்ஜரும் வந்து சேர்கிறது. ஓட்டையை எண்ணுகிறோம், ஆம்பியரை எண்ணுவதில்லை.

இங்கே இன்னொரு கணக்கும் தெரிய வேண்டும். கம்பியில் சூடு ஏறுவது ஆம்பியரின் கணக்கில் அல்ல. ஆம்பியரை ஆம்பியராலேயே பெருக்கி வரும் கணக்கில். இதை 1841-இல் அறிவித்தவர் ஜேம்ஸ் ஜூல். அவர் பல்கலைக்கழகப் பேராசிரியர் அல்லர். இங்கிலாந்தில் குடும்பத்துக்குச் சொந்தமான பீர் ஆலையை நடத்தியவர். ஆலையின் நீராவி எந்திரத்துக்குப் பதிலாக மின்மோட்டார் வைத்தால் செலவு கட்டுமா என்று கணக்குப் பார்க்கப் புகுந்தவர், சூட்டின் விதியையே கண்டுபிடித்துவிட்டார். தொழில் செய்கிறவர் கணக்குப் பார்த்ததால் உலகுக்குக் கிடைத்த விதி அது.

அந்த விதிப்படி, 6 ஆம்பியருக்கு 36 பங்கு சூடு என்றால் 9 ஆம்பியருக்கு 81 பங்கு. மின்னோட்டம் ஒன்றரை மடங்கு. சூடு இரண்டேகால் மடங்கு. மெயின் போர்டில் 16 ஆம்பியர் எம்.சி.பி. போட்டிருந்தால் 9 ஆம்பியருக்கு அது அசையாது. அதன் கணக்கில் எல்லாம் ஒழுங்காகவே நடக்கிறது. இதைவிட மோசம், "ஃபியூஸ் அடிக்கடி போகிறது" என்று சலித்துக்கொண்டு தடித்த செம்புக் கம்பியைச் சுற்றிவைப்பது. காவலுக்கு நின்றவன் அடிக்கடி கூச்சல் போடுகிறான் என்பதற்காக அவன் வாயைக் கட்டுவதற்கு ஒப்பானது அது.

இதற்குக் காவல்: அதிக வாட் இழுக்கும் ஒவ்வொன்றுக்கும் தனி லைன், தனிப் பெரிய பிளக், அந்த வயருக்கு ஏற்ற எம்.சி.பி.

இரண்டாம் குறை: தளர்ந்த இணைப்பு

நான்கிலும் மிக வஞ்சகமானது இதுதான். ஹோல்டரில் திருகு தளர்ந்திருக்கிறது. பிளக்கின் கால் ஆடுகிறது. இரண்டு வயரை முறுக்கி டேப் சுற்றியிருக்கிறது. அந்த இடத்தில் கால் ஓம் அளவுக்குத் தடை சேர்ந்துவிட்டதாக வைத்துக்கொள்வோம். கால் ஓம் என்ன செய்துவிடும் என்று தோன்றும்.

4 ஆம்பியர் ஓடினால் அந்த இடத்தில் எழும் சூடு 4 வாட். 8 ஆம்பியரில் 16 வாட். 16 ஆம்பியரில் 64 வாட். ரேடியோ பழுது பார்ப்பவர் ஈயம் உருக்கும் சால்டரிங் அயர்ன் சாதாரணமாக 25 வாட்தான். அதைப்போல் இரண்டரை மடங்கு சூடு, ஒரு திருகாணி முனையில், நமது அட்டைப் பெட்டிகளுக்கும் பருத்தித் துணிக் கட்டுகளுக்கும் பின்னால், கடை திறந்தது முதல் மூடும் வரை எரிந்துகொண்டிருக்கிறது.

இதை எம்.சி.பி. பிடிக்குமா? பிடிக்காது. 230 வோல்ட்டில் 16 ஆம்பியர் இழுக்கும் சாதனத்தின் தடை ஏறத்தாழ 14.4 ஓம். அதோடு கால் ஓம் சேர்ந்தால் மின்னோட்டம் 15.7-ஆகக் குறையும். கூடவில்லை, குறைகிறது! கூடினால் அறுப்பதற்கு வைத்த கருவி, குறைந்தால் ஏன் அறுக்கும்? தீ கிளம்பிய பிறகும் மெயின் 'ஆன்' நிலையிலேயே இருக்கக்கூடும்.

ஆகவே இதற்கு எளிய காவல் மனிதனுடைய கண்ணும் மூக்கும்தான். நிறம் மாறிப் பழுப்பேறிய பிளக், தொட்டால் சுடும் ஸ்விட்ச், ஃபேனைப் போட்டதும் மினுக்கும் விளக்கு, லேசான பிளாஸ்டிக் கருகல் நெடி: இவற்றில் ஒன்றைக் கண்டாலும் அன்றே வயர்மேனை அழைக்க வேண்டும். ஆண்டுக்கு இரண்டு முறையாவது மெயினை அணைத்துவிட்டு எல்லாத் திருகுகளையும் அவரைக் கொண்டு முறுக்கிவிட வேண்டும்.

மூன்றாம் குறை: ஷார்ட் சர்க்யூட்

போகும் கம்பியும் திரும்பும் கம்பியும் நடுவில் எந்தச் சாதனமும் இன்றி ஒன்றையொன்று தொட்டுவிடுவது இது. அப்போது தடையாக மிஞ்சுவது கம்பியின் தடை மட்டுமே. அது அரை ஓம் என்றால் 230-ஐ அரையால் வகுக்க வேண்டும்: 460 ஆம்பியர். வாட் கணக்கில் ஒரு லட்சத்துக்கு மேல். ஒரு கணம் நீடித்தாலும் பொறி பறக்கும், கம்பி உருகும்.

பருப்பு மண்டி, அரிசி மண்டி, மளிகைக் கிடங்கு வைத்திருப்பவர்கள் இதில் தனிக் கவனம் செலுத்த வேண்டும். எலி சாக்கை மட்டும் கடிப்பதில்லை. வயரின் தோலையும் கடிக்கிறது. மூட்டை அடுக்குக்குப் பின்னால் சுவரோரம் தொங்கும் வயர், எந்த நேரமும் 460 ஆம்பியருக்குக் கதவு திறக்கக் கூடியது.

இதற்குக் காவல் எம்.சி.பி. சரியான அளவில் போட்ட எம்.சி.பி. கண்ணிமைக்கும் நேரத்தில் இணைப்பை அறுத்துவிடும். கிடங்குகளில் வயர் முழுவதையும் குழாய்க்குள் விட்டு, மூட்டை அடுக்கிலிருந்து தள்ளிவைப்பது அதற்கு முந்திய காவல்.

நான்காம் குறை: உண்மையான மின்கசிவு

நாளிதழ் சொல்லும் அந்தச் சொல்லுக்குரிய குறை இது ஒன்றுதான். போன மின்சாரம் முழுவதும் திரும்பும் கம்பி வழியே வராமல், ஒரு பகுதி ஈரச்சுவர் வழியாகவோ இரும்பு ரேக் வழியாகவோ மனித உடல் வழியாகவோ பூமிக்குப் போய்விடுகிறது.

மனித உடலின் தடை ஈரம், தொடும் இடம் இவற்றைப் பொறுத்து மாறும். சுமார் 1,000 ஓம் என்று வைத்துக் கணக்கிட்டால் 230 வோல்ட்டில் 0.23 ஆம்பியர் ஓடும். ஒரு சிறு விளக்குக்குப் போதுமான அளவு. உயிரைப் பறிக்கவும் போதுமான அளவு. 16 ஆம்பியர் எம்.சி.பி.க்கு இந்த 0.23 ஆம்பியர் ஒரு பொருட்டே அல்ல. ஈரச்சுவரில் 0.3 ஆம்பியர் கசிந்தால் 69 வாட். அதுவும் சரக்கைப் பற்றவைக்கக்கூடிய சூடுதான்.

இதைப் பிடிப்பதற்கென்றே ஆர்.சி.சி.பி. என்ற கருவி இருக்கிறது. அது ஒரு நல்ல கணக்குப்பிள்ளையைப் போன்றது. போனது எவ்வளவு, வந்தது எவ்வளவு என்று இரண்டு கட்டத்தையும் ஓயாமல் ஒப்பிட்டுக்கொண்டே இருக்கும். இரண்டும் பொருந்தாமல் 30 மில்லி ஆம்பியர், அதாவது ஓர் ஆம்பியரில் நூற்றில் மூன்று பங்கு, குறைந்தாலும் இணைப்பை அறுத்துவிடும். மாதம் ஒருமுறை அதிலுள்ள சோதனைப் பொத்தானை அழுத்திப் பார்த்துக்கொண்டால், அது வேலை செய்கிறதா என்பது தெரிந்துவிடும்.

இப்போது வணிகப் பெருமக்கள் நான்கையும் ஒன்றாக வைத்துப் பார்க்க வேண்டுகிறோம். கசிவைப் பிடிக்கும் ஆர்.சி.சி.பி. கூடுதல் சுமையைப் பிடிக்காது. ஷார்ட் சர்க்யூட்டைப் பிடிக்கும் எம்.சி.பி. கசிவைப் பிடிக்காது. தளர்ந்த இணைப்பை இரண்டுமே பிடிக்கா. "மின்கசிவாம், நாமும் ஒரு டிரிப்பர் போட்டுவிட்டோம், இனிக் கவலை இல்லை" என்று நினைப்பவர் நான்கு வாசலில் ஒன்றை மட்டும் பூட்டியவர். தவறான பெயர் தவறான மருந்துக்கு வழி விடுகிறது. நாம் அந்தச் சொல்லோடு சண்டை போடுவது இதனால்தான்.

மெல்லிய வயர் தரும் பொய்யான லாபம்

தீயை விட்டுப் பணத்துக்கு வருவோம். கடையிலிருந்து 40 மீட்டர் தள்ளி ஒரு கிடங்கு. விலை குறைவு என்று 1.5 சதுர மில்லிமீட்டர் செம்பு வயர் இழுத்தாயிற்று. போக வர 80 மீட்டர். இந்த வயரின் தடை கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 12 ஓம். அப்படியானால் 80 மீட்டருக்கு ஏறத்தாழ ஓர் ஓம்.

அதில் 10 ஆம்பியர் ஓடினால் வழியிலேயே 10 வோல்ட் குறையும். 100 வாட் வயரைச் சூடாக்குவதிலேயே வீணாகும். நாளுக்கு 10 மணி நேரம் என்றால் ஒரு யூனிட். மாதம் 30 யூனிட். விளக்கும் எரியவில்லை, ஃபேனும் சுற்றவில்லை. ஆனால் மீட்டர் ஓடியது, பணமும் போயிற்று. 4 சதுர மில்லிமீட்டர் வயர் போட்டிருந்தால் இந்த இழப்பு 37 வாட்டாகச் சுருங்கியிருக்கும். வயரில் மிச்சம் பிடித்த தொகையை யூனிட் யூனிட்டாகத் திருப்பிக் கட்டிக்கொண்டிருக்கிறோம்.

வோல்ட்டேஜ் குறைவும் இதே போன்ற கணக்குத்தான். 230 வோல்ட்டில் 1,000 வாட் தரும் ஹீட்டர் 180 வோல்ட்டில் 612 வாட் மட்டுமே தரும். தண்ணீர் சுட நேரமாகும், அவ்வளவே. ஆனால் ஃபிரீசர், ஏ.சி. போன்றவற்றில் உள்ள சாதாரண மோட்டார் அப்படியல்ல. வோல்ட் குறைந்தால் அது ஆம்பியரைக் கூட்டி இழுத்துச் சூடேறும். ஸ்டெபிலைசர் யாருக்கு வேண்டும், யாருக்கு வேண்டாம் என்பதற்கு இதுவே விடை.

நியாயத்துக்காக ஒன்றையும் சொல்லிவிட வேண்டும். பெருக்கல் கணக்கு இஸ்திரிப் பெட்டி, ஹீட்டர், கெட்டில் ஆகியவற்றுக்கு அப்படியே பொருந்தும். மோட்டாருக்கும் பழைய சோக் வைத்த டியூப் லைட்டுக்கும் பொருந்தாது. 40 வாட் டியூப் லைட்டில் மீட்டர் 0.43 ஆம்பியர் காட்டும். 230-ஆல் பெருக்கினால் 99 வருகிறது. ஆனால் சோக்கையும் சேர்த்து அது செலவழிப்பது 55 வாட் அளவுதான். மின்னோட்டமும் மின்னழுத்தமும் ஒன்றோடொன்று காலடி சேர்ந்து நடக்காததால் வரும் வேறுபாடு இது. 'பவர் ஃபேக்டர்' என்பது இதைத்தான் குறிக்கிறது. இதை அறியாமல் ஆம்பியரைப் பெருக்கிக்கொண்டு போய் மின்வாரிய அலுவலகத்தில் "மீட்டர் தவறு" என்று வாதாடக் கூடாது. ஆனால் வயரைத் தேர்ந்தெடுக்கும்போது அந்த 0.43 ஆம்பியரைத்தான் கணக்கில் எடுக்க வேண்டும். ஏனெனில் வயரைச் சூடாக்குவது ஆம்பியர்.

அனுமதித்த சுமையும் சட்டமும்

ஒரு கடைக்கு 3 கிலோவாட் அனுமதி. விளக்குகள் 200 வாட், ஃபேன்கள் 300, ஃபிரீசர் 300, கம்ப்யூட்டரும் பில் மெஷினும் 200. ஆக 1,000 வாட். ஒரு ஏ.சி. 1,600 வாட் என்று வைத்துக்கொண்டால் மொத்தம் 2,600. இது வரை சரி. அடுத்த கோடையில் இரண்டாவது ஏ.சி. வந்தால் 4,200 வாட். 18 ஆம்பியருக்கு மேல். அனுமதி தாண்டிவிட்டது. வயரும் மெயினும் அதற்கு ஏற்றவையா என்று யாரும் பார்ப்பதில்லை.

2003-ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 126-ஆவது பிரிவு, அங்கீகாரமற்ற பயன்பாட்டுக்கு இரு மடங்கு கட்டணம் விதிக்க வழி செய்கிறது. ஒடிசாவைச் சேர்ந்த ஓர் அரிசி ஆலை தொடர்பான வழக்கில், அனுமதித்த சுமையை மீறி மின்சாரம் எடுப்பதும் இந்தப் பிரிவுக்குள் வரும் என்று உச்ச நீதிமன்றம் 2011-இல் தீர்ப்பளித்தது. ஆகவே "திருடவில்லையே, மீட்டர் வழியாகத்தானே எடுத்தோம்" என்ற வாதம் எடுபடாது. அதற்காகத் தேவையில்லாமல் அனுமதியைக் கூட்டி வாங்குவதும் அறிவுடைமை அல்ல. வணிக இணைப்புக்கு நிலைக் கட்டணம் கிலோவாட் கணக்கில் வருகிறது. கூட்டிப் பார்த்து, உள்ளபடி விண்ணப்பிப்பதே நல்லது.

வாடகைக் கடைக்காரர்களுக்கு ஒரு சொல். பழைய வீதிகளில் மரப்பலகைக்குப் பின்னால் தாத்தா காலத்து வயரிங் இருக்கிறது. மாற்றுவது யார் என்று கட்டட உரிமையாளரும் கடைக்காரரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். சொத்து உரிமையாளர்கள், வாடகைதாரர்களின் உரிமைகளையும் பொறுப்புகளையும் ஒழுங்குபடுத்தும் 2017-ஆம் ஆண்டின் தமிழ்நாட்டுச் சட்டம் 2019-இல் நடைமுறைக்கு வந்தது. ஒப்பந்தத்தில் வேறுவிதமாக எழுதிக்கொள்ளாத வரையில், வயரிங் வேலை உரிமையாளர் பொறுப்பு. ஸ்விட்ச், சாக்கெட் பழுது வாடகைதாரர் பொறுப்பு என்று அதன் அட்டவணை பிரித்துச் சொல்கிறது. இடத்தின் சதுர அடியை ஒப்பந்தத்தில் எழுதும் நாம், அங்கே எத்தனை ஆம்பியர் தாங்கும் என்பதையும் எழுதிக்கொள்வதுதானே முறை?

"எலக்ட்ரீஷியன் பார்த்துக்கொள்வார்"

நாம் இவ்வளவு சொன்னதும் சிலர் கேட்கக்கூடும்: "இதெல்லாம் எலக்ட்ரீஷியன் வேலை. நமக்கு வியாபாரம் பார்க்கவே நேரமில்லை. இந்தக் கணக்கு எதற்கு?"

வயரைத் தொடுங்கள் என்று நாம் சொல்லவில்லை. தொடவே கூடாது, உரிமம் பெற்ற வயர்மேன்தான் தொட வேண்டும். ஆனால் அவரிடம் கேள்வி கேட்பதற்குக் கணக்கு வேண்டும். துவரம் பருப்பை நாம் விளைவிப்பதில்லை. ஆயினும் கையில் அள்ளிப் பார்த்ததும் தரம் சொல்கிறோம். அதனால்தான் நம்மை யாரும் ஏமாற்ற முடிவதில்லை. "இந்த லைனில் மொத்தம் எத்தனை ஆம்பியர்? இந்த வயர் எத்தனை தாங்கும்? எம்.சி.பி. எத்தனையில் அறுக்கும்?" என்று மூன்று கேள்வி கேட்கத் தெரிந்த முதலாளியிடம் எந்த வயர்மேனும் அரைகுறை வேலை செய்துவிட்டுப் போகமாட்டார்.

மேலும் இது ஒருவர் சொந்த விஷயமும் அல்ல. கடைவீதியில் சுவரோடு சுவர் ஒட்டிக் கடை வைத்திருக்கிறோம். 2018 பிப்ரவரி 2-ஆம் நாள் இரவு மதுரை மீனாட்சி அம்மன் கோயிலில் கடைகள் இருந்த பகுதியில் பிடித்த தீ, வரிசையாகக் கடைகளைத் தின்றதோடு நிற்காமல், பழம்பெருமை வாய்ந்த வீரவசந்தராயர் மண்டபத்தையும் சிதைத்தது. கோயிலுக்குள் கடைகள் இருக்கலாமா என்ற கேள்வி நீதிமன்றம் வரை போயிற்று. ஒரு தீ எத்தனை பேர் பிழைப்பைத் தொடும் என்பதற்கு அது போதும். காப்பீட்டுப் பணம் என்றாவது ஒருநாள் வரும். கைவிட்டுப் போன தீபாவளி சீசன் வராது. பக்கத்துக் கடைக்காரரின் முகத்தைப் பார்க்கும் துணிவும் அவ்வளவு எளிதில் வராது.

நமது யோசனைகள்

கருத்துச் சொல்வதோடு நிற்காமல், சங்கங்கள் செய்யக்கூடிய நான்கை முன்வைக்கிறோம்.

ஒன்று: வீதிக்கு ஒரு கிளாம்ப் மீட்டர் வாங்குவோம். வயரை அறுக்காமல், கவ்விப் பிடித்து ஆம்பியர் சொல்லும் கருவி அது. சில ஆயிரம் ரூபாய்க்குக் கிடைக்கிறது. முப்பது கடை சேர்ந்தால் ஒரு கடைக்கு ஒரு நாள் டீச் செலவு.

இரண்டு: உரிமம் பெற்ற வயர்மேன் ஒருவரை அமர்த்தி, ஒவ்வொரு கடையிலும் வியாபாரம் மும்முரமாக இருக்கும் மாலை நேரத்தில் ஒவ்வொரு லைனின் ஆம்பியரையும் அளப்போம். காலையில் ஷட்டர் தூக்கியதும் அளந்தால் உண்மை தெரியாது.

மூன்று: மெயின் போர்டுக்குப் பக்கத்தில் ஓர் அட்டை தொங்கட்டும். எந்த லைனில் என்னென்ன, மொத்தம் எத்தனை வாட், எத்தனை ஆம்பியர், வயரின் அளவு, எம்.சி.பி.யின் அளவு, திருகு முறுக்கிய தேதி. புதிதாக ஒரு சாதனம் வாங்கினால் அட்டையில் ஒரு வரி கூட வேண்டும். வரி எழுத இடமில்லை என்றால் அந்த லைனிலும் இடமில்லை என்று பொருள்.

நான்கு: இரவில் கடையை அடைக்கும்போது ஃபிரீசர், கேமரா போன்ற ஓடியே தீர வேண்டியவற்றுக்குத் தனி லைன்; மற்ற அனைத்துக்கும் மெயின் அணைப்பு. ஓடாத மின்சாரம் எந்தத் திருகையும் சுடுவதில்லை.

இவற்றுக்கெல்லாம் நாள் பார்க்க வேண்டுமே என்றால், நாளும் தயாராகவே இருக்கிறது. ஆண்டுதோறும் ஆயுத பூஜையன்று கடையைக் கழுவி, தராசுக்கும் கல்லாப் பெட்டிக்கும் மெயின் ஸ்விட்சுக்கும் சந்தனம் குங்குமம் இடுகிறோம். அடுத்து வருவது தீபாவளி விற்பனை. சீரியல் விளக்கும் கூடுதல் ஃபேனும் கூடுதல் சரக்கும் ஒன்றாகச் சேரும் காலம். அந்தப் பூஜைக்கு முந்திய வாரத்தில் திருகுகளை முறுக்கி, ஆம்பியரை அளந்து, அட்டையைப் புதுப்பித்து, அதற்குப் பிறகு மெயினுக்குப் பொட்டு வைப்போம்.

230 என்ற எண்ணையும், பெருக்கலையும், வகுத்தலையும் கடைப் பையனுக்கும் கற்றுக்கொடுப்போம். அடுத்த முறை யாராவது "மின்கசிவு" என்று சொன்னால், "எத்தனை ஆம்பியர்? எந்த இடத்தில்?" என்று கேட்கும் வீதியாக நமது வீதி இருக்க வேண்டும். வணிகப் பெருமக்கள் இதைச் சிந்தித்து, தத்தம் சங்கக் கூட்டங்களில் பேசி, இவ்வாண்டே செயலில் இறங்க வேண்டுகிறோம்.